ஒரே அலமாரி, இரண்டு பூட்டு

வாசலில் போலீஸ் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அந்தச் சிறுவன் பெற்றோரைத் துணி அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினான். ஜோஹன்னஸ்பர்க்கைச் சுற்றியிருந்த கறுப்பர் குடியிருப்புகளில் 1960களில் இது அதிசயமான காட்சியல்ல. நகரில் தங்குவதற்கான முத்திரை 'பாஸ்' புத்தகத்தில் இல்லாத கறுப்பர், குடியிருக்கும் வீட்டிலேயே திருடனைப் போல ஒளிய வேண்டும். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை என்று சிறுவன் சொன்னதை நம்பி வந்தவர்கள் போன பிறகுதான் அலமாரி திறக்கும்.

அந்தச் சிறுவன் வளர்ந்து சைமன் நிக்கோலி ஆனபின் அலமாரியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தன் பாலினத்தவர் மீதான நாட்டத்தை வெளியே சொல்லாமல் வாழ்பவரை அலமாரிக்குள் இருப்பவர் என்று குறிப்பிடுவது ஆங்கிலப் பேச்சு வழக்கு. மற்றவர்களுக்கு அது வெறும் உருவகம். நிக்கோலிக்கு அது மரத்தால் செய்த, சாவி போட்டுப் பூட்டிய நிஜ அலமாரி. கறுப்பராகப் பிறந்தவரை நிறவெறிச் சட்டம் உள்ளே வைத்துப் பூட்டுகிறது, ஓரினச் சேர்க்கையாளரைச் சமூகத்தின் வெறுப்பு உள்ளே வைத்துப் பூட்டுகிறது, இரண்டுமாக இருப்பவருக்கு அலமாரி ஒன்றேதான் என்பது அவர் வாதம். ஒரு பூட்டை மட்டும் திறந்தால் கதவு திறக்காது.

'ஓரினச் சேர்க்கை' என்பது நம் பத்திரிகைகளில் நெடுநாள் புழங்கிய சொல். ஆனால் அது படுக்கையறைக் கதவைத் தாண்டி வெளியே வருவதில்லை. அண்மைக் காலத்தில் பரவிவரும் 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லில் மனசுக்கும் இடம் இருக்கிறது. நிக்கோலியின் கதைக்குப் பொருந்துவது இதுதான். ஏனென்றால் அவர் போராடியது படுக்கையறை உரிமைக்காக மட்டுமல்ல. தன் இயக்கத்தின் கூட்டங்களில், தன் தோழர்கள் நடுவே, முழு ஆளாக உட்காரும் உரிமைக்காக.

அவர் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. என்றாலும் உலகிலேயே முதன்முதலாகப் பாலீர்ப்பு காரணமாகப் பாகுபாடு கூடாது என்று எழுதிவைத்த தேசிய அரசியல் சட்டத்தின் பின்னணியில் அவருடைய சிறைவாசம் இருக்கிறது. அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று கேட்டால் சட்ட நிபுணர்களின் பெயர்களைத்தான் பலரும் சொல்வார்கள். சிறை அறைக்குள் நடந்த ஒரு சச்சரவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1957 நவம்பர் 26-ல் சொவெட்டோவில் பிறந்தார் நிக்கோலி. வீட்டு மொழி செசோத்தோ. குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் தாத்தா பாட்டியுடன் வெள்ளையர் பண்ணை ஒன்றில் கழிந்தன. பின்னர் தாயுடன் செபோகெங் குடியிருப்புக்கு வந்தார். இருபது வயதை ஒட்டி, தனக்கு ஆண்கள் மீதுதான் நாட்டம் என்று தாயிடம் சொன்னபோது அவர் செய்தது நம் ஊர்த் தாய்மார்களும் செய்யக்கூடியதுதான். முதலில் மந்திரவாதி. மகனுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டதாக அங்கே சொன்னார்கள். அடுத்து பாதிரியார். அதற்கும் மசியாததால் கடைசியில் மனோதத்துவ நிபுணர்.

காதலர் வெள்ளையர். வெவ்வேறு நிறத்தவர் உறவு கொள்வது சட்டப்படி குற்றம். இரு ஆண்களின் உறவும் குற்றம். வெள்ளையர் பகுதியில் கறுப்பர் குடியிருப்பதும் குற்றம். மூன்று குற்றங்களையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டு ஒரே கூரையின் கீழ் வாழ அந்த நாட்டில் ஒரு வழி இருந்தது. வெளியாருக்கு நிக்கோலி அந்த வீட்டு வேலைக்காரர்! வேலைக்காரராக இருந்தால் கறுப்பர் எந்த வீட்டிலும் இருக்கலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். 1969-ல் சேர்த்த ஒரு சட்டப் பிரிவு இன்னும் வேடிக்கை. 'விருந்தில்' ஆண்கள் ஒருவரையொருவர் நெருங்கினால் தண்டனை. இரண்டு பேருக்கு மேல் இருக்கும் எந்தச் சந்தர்ப்பமும் விருந்துதான் என்று சட்டமே விளக்கம் சொன்னது.

1980களின் தொடக்கத்தில் நிக்கோலி கறுப்பின மாணவர் பேரவையின் டிரான்ஸ்வால் பகுதிச் செயலாளர். அவருடைய விஷயம் தெரிந்ததும் அமைப்புக்குள் புகைச்சல் கிளம்பியது. இப்படிப்பட்டவர் செயலாளராக இருக்கலாமா? ஓட்டெடுப்பு வரை போனது. பெரும்பான்மை மாணவர்கள் இருக்கலாம் என்றார்கள். மறுபக்கம், 1983-ல் அவர் சேர்ந்த தன்பாலீர்ப்பாளர் சங்கத்தில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். எங்களுக்கு அரசியல் வேண்டாம் என்பது அதன் கொள்கை. கூடிக் குடித்துப் பேசிக் களிக்கும் இடங்களில் கறுப்பருக்கு அனுமதி இல்லை என்ற நிலையில் அரசியல் வேண்டாம் என்று சொல்வதற்கு என்ன பொருள் என்பது நிக்கோலிக்கு உடனே விளங்கிவிட்டது. 1984-ல் கறுப்பர்களுக்காகத் தனியே ஒரு சனிக்கிழமைக் குழுவை ஆரம்பித்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி தென்னாப்பிரிக்காவில் புதிய அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. வெள்ளையருக்கு ஒரு சபை, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்திய வம்சாவளியினருக்கு ஒன்று என மூன்று சபைகள் கொண்ட பாராளுமன்றம். மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்கு இருந்த கறுப்பருக்கு எதுவும் இல்லை. தங்களுக்கு நீட்டிய இந்தத் துண்டை இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோர் தொடவில்லை, தேர்தலையே புறக்கணித்தார்கள். சட்டம் அமலான அதே நாளில் செபோகெங், ஷார்ப்வில் உள்ளிட்ட வால் முக்கோணக் குடியிருப்புகளில் வாடகை உயர்வை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம் தீயாகப் பரவியது. துப்பாக்கிச் சூடு, சாவுகள், இறுதி ஊர்வலங்கள், ஊர்வலங்களில் மறுபடியும் கைதுகள். செப்டம்பர் 23-ந் தேதி கைதானவர்களில் நிக்கோலியும் ஒருவர்.

டெல்மாஸ் தேசத்துரோக வழக்கு இப்படித்தான் பிறந்தது. மொத்தம் 22 பேர் மீது குற்றச்சாட்டு. நிரூபணமானால் தூக்கு வரை போகலாம். முன்வரிசையில் ஐக்கிய ஜனநாயக முன்னணியின் தலைவர்களான போப்போ மோலேஃபே, மோசியோவா லெகோட்டா. டெல்மாஸ், ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே உள்ள சிறு விவசாய நகரம். போராட்டக்காரர்கள் கூட்டம் சேராத இடமாகப் பார்த்துத்தான் வழக்கை அங்கே கொண்டுபோனார்கள் என்று பேச்சு. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியவர்கள் ஆர்தர் சாஸ்கல்சன், ஜார்ஜ் பிஸோஸ் போன்ற ஜாம்பவான்கள். அந்த அணியில் டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளி வழக்கறிஞர் ஸாக் யாகூபும் இருந்தார். குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர், பின்னாளில் அரசியல் சட்ட நீதிமன்ற நீதிபதி.

சிறைக்குள் ஆண்களுக்கு இடையிலான உறவைப் பற்றி ஒருநாள் பேச்சு எழுந்தது. சகக் கைதிகள் சிலர் இழிவாகப் பேசினார்கள். நிக்கோலி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தூக்குக் கயிற்றின் நிழலில் இருக்கும்போது தனிப்பட்ட விஷயத்தைக் கிளறுவானேன்? ஆனால் அவர் தானும் அப்படிப்பட்டவன்தான் என்று சொல்லிவிட்டார்.

வந்தது புயல். இவரோடு ஒரே கூண்டில் நிற்க மாட்டோம், தனியாக விசாரிக்கச் சொல்லுங்கள் என்று சிலர் கொதித்தார்கள். முழுக்க வெறுப்பு என்று அவர்களைத் தள்ளிவிடவும் முடியாது. அரசுத் தரப்பு இதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் போராட்டத்தையும் கேவலப்படுத்தும் என்ற பயம் நியாயமானதுதான். போராட்டக்காரர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று காட்ட அரசுக்கு இதைவிட வசதியான சாட்சி கிடைக்குமா? பேச்சு நாள்கணக்கில் நீண்டது. வழக்கறிஞர்களிடமும் போனது. கடைசியில் அவர் 22 பேரில் ஒருவராகவே நீடித்தார்.

உலகெங்கும் விடுதலை இயக்கங்களில் இந்தச் சர்ச்சைக்குப் பழக்கமான ஒரு தீர்வு உண்டு. முதலில் தேசம் விடுதலை பெறட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். பெண்களிடம் அப்படிச் சொன்னார்கள், தலித்துகளிடம் சொன்னார்கள். அந்தப் 'பிறகு' வந்த வரலாறு குறைவு. நிக்கோலியின் சாமர்த்தியம், முதலாவது எது, இரண்டாவது எது என்ற கேள்விக்குள்ளேயே அவர் நுழையவில்லை என்பது. உங்களோடு சேர்ந்து தூக்குமேடை வரை வந்திருக்கிறேன், இனி என்னை எந்த வரிசையில் நிறுத்துவீர்கள் என்ற கேள்வியைத் தன் இருப்பாலேயே கேட்டார். அந்தக் கேள்வி லெகோட்டாவைத் தொட்டது. நிறவெறியை ஒழிக்கத் தோள் கொடுத்த சைமன் போன்றவர்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டலாம் என்று தங்களால் எப்படிச் சொல்ல முடியும் என்று அவர் பின்னாளில் கேட்டிருக்கிறார். லெகோட்டாவும் மோலேஃபேயும் 1994-க்குப் பிறகு மாகாண முதல்வர்கள் ஆனார்கள். புதிய அரசியல் சட்டம் உருவான காலத்தில் ஆளும் கட்சியின் உயர் மட்டத்தில் இருந்தவர்கள், சிறையில் இந்தப் பாடத்தைப் படித்து முடித்துவிட்டு வந்தவர்கள்.

நிக்கோலி கம்பிக்குப் பின்னால் இருந்த காலத்தில் வெள்ளையர்களின் அந்தச் சங்கம் வாய் திறக்கவில்லை. அவர் செய்தது அரசியலாம். குரல் வெளிநாடுகளில் எழுந்தது. டொரண்டோவில் அவர் பெயரிலேயே ஒரு நிறவெறி எதிர்ப்புக் குழு தோன்றியது. முன்பின் பார்த்திராதவர்கள் சிறைக்குக் கடிதம் எழுதினார்கள். அவரும் எழுதினார். சிறைத் தணிக்கையைத் தாண்டி ஜோஹன்னஸ்பர்க்குக்குப் போன அந்தக் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தன. 1987-ல் அந்த வெள்ளையர் சங்கம் சர்வதேச அமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது. பின்னர் கரைந்தே போனது.

அதே 1987-ல் லண்டனில் ஒரு விவகாரம். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் மூத்த தலைவர்களில் ஒருவரான ரூத் மொம்பாட்டி ஒரு பத்திரிகைப் பேட்டியில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு என்ன குறை, நல்ல வீடும் சாப்பாடும் இருக்கிறதே, அவர்கள் இயல்பானவர்களா என்ற தோரணையில் பேசிவிட்டார். அவர் மனதில் இருந்தவர்கள் வசதியான வெள்ளையர்கள். செபோகெங்கிலிருந்து வந்து தேசத்துரோக வழக்கில் சிக்கியிருந்த ஒருவர் அந்தப் படத்தில் இல்லை. நிறவெறி எதிர்ப்பில் முன்னணியில் நின்ற ஐரோப்பியர்கள் கொதித்து எழுந்தார்கள். நிக்கோலியின் பெயரைச் சொல்லியே கேட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் லுசாகாவிலிருந்து பதில் கடிதம் வந்தது. விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்காவில் இவர்களுக்கு எதிராகப் பாகுபாடு இருக்காது என்று கட்சியின் சார்பில் அதில் உறுதி சொன்னவர் தாபோ எம்பெக்கி. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1987 ஜூனில் ஜாமீன், 1988 நவம்பரில் விடுதலைத் தீர்ப்பு. 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதுவும் அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் ரத்தாயிற்று. தீர்ப்பு வரும்வரைகூட நிக்கோலி காத்திருக்கவில்லை. 1988-லேயே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த 'க்ளோ' என்ற அமைப்பைத் தோழர்களுடன் தொடங்கினார். மண்டேலா விடுதலையாகி எட்டு மாதம் கழித்து, 1990 அக்டோபர் 13-ல், ஜோஹன்னஸ்பர்க் தெருக்களில் ஆப்பிரிக்காவின் முதல் தன்பாலீர்ப்பாளர் ஊர்வலம் நடந்தது. சுமார் 800 பேர். சிலர் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் துளை போட்டு நடந்தார்கள். முகம் தெரிந்தால் வேலை போய்விடும். நிக்கோலி முகத்தை மறைக்கவில்லை. தன் கறுப்பையும் தன் ஈர்ப்பையும் இரண்டு தனிப் போராட்டங்களாகப் பிரிக்க முடியாது என்று அன்றும் பேசினார்.

பாகுபாட்டுத் தடையில் பாலீர்ப்பு என்ற சொல் 1993-ன் இடைக்கால அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. 1996-ன் இறுதிச் சட்டத்திலும் ஒன்பதாவது பிரிவில் அப்படியே நின்றது. இதற்காக நடந்த பேச்சுவார்த்தைகளில் நீதிபதி எட்வின் கேமரன் உள்ளிட்ட பலரின் உழைப்பு உண்டு. நிக்கோலி 1994 முதல் தேசியக் கூட்டமைப்பில் பணியாற்றினார், மண்டேலாவையும் சந்தித்தார். 1998 அக்டோபர் 9-ந் தேதி அரசியல் சட்ட நீதிமன்றம் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டங்களை ரத்து செய்தது. பழைய 'விருந்து'ப் பிரிவும் அதோடு போயிற்று. அந்த நீதிமன்றத்தின் தலைவர் யார் தெரியுமா? டெல்மாஸில் நிக்கோலிக்காக வாதாடிய அதே ஆர்தர் சாஸ்கல்சன்.

ஏழு வாரம் கழித்து, நவம்பர் 30-ந் தேதி, நிக்கோலி இறந்தார். வயது 41. அடுத்த நாள் உலக எய்ட்ஸ் தினம்.

சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் கிருமி அவர் உடலில் இருந்தது. 1990 வாக்கிலேயே சொவெட்டோவில் குடியிருப்பு மக்களுக்கான எய்ட்ஸ் திட்டம் ஒன்றை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். எய்ட்ஸ் வெள்ளையர் நோய், அதுவும் ஓரினச் சேர்க்கையாளர் நோய் என்று குடியிருப்புகளில் நம்பிக் கொண்டிருந்த நேரம் அது. தனக்குத் தொற்று இருப்பதை வெளியே சொன்ன முதல் கறுப்பின ஆண்களில் அவர் ஒருவர். நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதை எண்ணிக்கை காட்டியது. அரசு மருத்துவ நிலையங்களுக்கு வந்த கர்ப்பிணிகளில் 1990-ல் தொற்று இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 1998-ல் 22.8 சதவீதம்.

மருந்து இல்லாமல் இல்லை. 1996-லிருந்தே கூட்டு மருந்துச் சிகிச்சை பணக்கார நாடுகளில் சாவைத் தள்ளிப்போட ஆரம்பித்திருந்தது. தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளில் அது கிடையாது. நீதிபதி கேமரனுக்கும் அதே தொற்றுதான். 1997-ன் கடைசியில் மருந்து சாப்பிடத் தொடங்கிப் பிழைத்தார். தான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் தன்னால் காசு கொடுக்க முடிந்தது என்பதே என்று 2000-ல் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் அவரே போட்டு உடைத்தார். ஒரே நாடு, ஒரே போராட்டம், ஒரே நோய். அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு இருவருக்கும் சமம்தான்.

நிக்கோலிக்கு நடந்த நினைவுக் கூட்டத்தில் ஸாக்கி அக்மத் என்ற நண்பர் எழுந்து, இனி மருந்துக்காகப் போராடுவோம் என்று அறைகூவல் விடுத்தார். கேப்டவுனைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, தன்பாலீர்ப்பாளர், அவருக்கும் தொற்று. டிசம்பர் 10-ந் தேதி, மனித உரிமை தினத்தன்று, கேப்டவுன் தேவாலயப் படிகளில் ஒரு சிறு கூட்டம் உண்ணாவிரதம் இருந்தது. சிகிச்சைக்கான செயல் இயக்கம் அப்படித் தொடங்கியது.

அடுத்த ஆண்டு நாட்டின் அதிபரானவர் தாபோ எம்பெக்கி. லுசாகாவிலிருந்து அந்தக் கடிதத்தை எழுதிய அதே மனிதர். எய்ட்ஸ் வருவதற்கு அந்தக் கிருமிதான் காரணமா என்றே அவர் சந்தேகப்பட ஆரம்பித்தார். மருந்து விஷம் என்றார்கள் அவரைச் சுற்றியிருந்தவர்கள். பூண்டும் எலுமிச்சையும் சாப்பிடச் சொன்னார் சுகாதார அமைச்சர். தாமதத்தால் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள். நிக்கோலியைத் தோழராக ஏற்றுக்கொண்ட கட்சிதான் இது. அவருடைய உரிமையை எழுதிவைக்க முடிந்தது, அவரைப் போன்றவர்களின் உயிரைக் காக்க மனம் வரவில்லை. எல்லோருக்கும் மருந்து கிடைக்கும்வரை தானும் சாப்பிட மாட்டேன் என்று அக்மத் பிடிவாதம் பிடித்தார். 2002-ல் மண்டேலாவே அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பாத்திரம் உண்டு. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. பன்னாட்டுக் கம்பெனிகளின் விலை அப்போது 10,000 டாலருக்கு மேல். மலிவு மருந்தை அனுமதிக்கும் சட்டத்தை எதிர்த்து பிரிட்டோரியா நீதிமன்றத்துக்குப் போயிருந்த 39 கம்பெனிகள் அதே ஆண்டு ஏப்ரலில் வழக்கை வாபஸ் பெற்றன. 2002 ஜூலையில், தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது. 2003-ல் அரசு பொதுச் சிகிச்சைத் திட்டத்துக்குச் சம்மதித்தது. அக்மத் அதன் பிறகுதான் மாத்திரையை வாயில் போட்டார்.

சட்டப் பக்கம் வண்டி எதிர்த் திசையில் ஓடியது. 1998-ன் அந்தத் தென்னாப்பிரிக்கத் தீர்ப்பை 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தன் 377-வது பிரிவுத் தீர்ப்பில் மேற்கோள் காட்டியது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது, 2018-ல் அதே நீதிமன்றம் மறுபடி நிமிர்த்தியது. தென்னாப்பிரிக்காவில் தன்பாலினத்தவர் திருமணத்தை அனுமதித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 நவம்பர் 30-ல். நிக்கோலி இறந்த அதே தேதி.

ஜோஹன்னஸ்பர்க்கின் ஹில்ப்ரோ பகுதியில் ஒரு தெருமுனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 2002-ல் ஆவணப்படம் வந்தது. 2023-ல் இசை நாடகம்கூட அரங்கேறியது. அவர் ஆரம்பித்த ஊர்வலமும் ஆண்டுதோறும் நடந்தது. காலப்போக்கில் அது வசதியான வடக்குப் புறநகர்களுக்கு இடம் மாறி, கடைகளும் விளம்பரமும் கொண்டாட்டமுமாக மாறிப்போனது. 2012 அக்டோபரில் ரோஸ்பேங்க் பகுதியில் அப்படி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தபோது, 'ஒன்பதில் ஒருவர்' என்ற இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், குறுக்கே வந்து சாலையில் படுத்துவிட்டார்கள். குடியிருப்புகளில் கொல்லப்பட்ட தன்பாலீர்ப்புப் பெண்களுக்காக ஒரு நிமிட மௌனம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஊர்வலத்தை நடத்தியவர்கள் அவர்களை எழுந்து வழிவிடச் சொன்னார்கள். தள்ளுமுள்ளு ஆனது. அடுத்த ஆண்டு ஊர்வலத்தை நடத்திய குழுவே கலைந்தது.